உதடு கூடும் எழுத்து

பெரியாஸ்பத்திரியில் காது பார்க்கிற அறைக்கு
சன்னல் கிடையாது.
முட்டை அட்டை மாதிரி சுவரெல்லாம் பஞ்சு.
நஸ்ரின் பானு என்று சட்டையில் பெயர் குத்திய பெண்
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள்.
கேளாததற்கும் அழுத்தினேன்,
பாஸாக வேண்டுமே.

கடைசியில் டேப்லட்டில் ஒரு முகம் காட்டினாள்.
மீசையில்லாத ஆள், ரேஷன் கார்டு முகம்.
"என்ன சொல்றாரு?"
"தா."
"கண்ண மூடுங்க. இப்ப?"
"பா."
"திறங்க."
"தா."
வாசலில் நிற்கும் வட்டிக்காரன் போல
தா, தா, தா.

குரலில் இருப்பது பா என்றாள்.
வாய் அசைவது கா.
அது வேறொரு நாள் எடுத்த வாயாம்,
ஒட்டியிருக்கிறார்களாம்.
காது ஒன்றைச் சொல்ல, கண் ஒன்றைச் சொல்ல,
மண்டை நடுவில் உட்கார்ந்து
இருவரும் சொல்லாத மூன்றாவதைத்
தீர்ப்பாகச் சொல்லிவிடுகிறது.
எங்கள் தெருப் பஞ்சாயத்தும் அப்படித்தான்.

சூட்சுமம் தெரிந்துவிட்டதே, இனி ஏமாற மாட்டேன் என்று
விறைத்து உட்கார்ந்து
இன்னொரு முறை பார்த்தேன்.
தா.
தெரிந்தும் தா.

*

செல்லூரில் தகரக் கூரைக்கடியில் இருபத்திநாலு தறி.
அங்கே யாரும் யாரையும் காதால் கேட்டதில்லை.
டீ வந்திருச்சு, தார் தீந்திருச்சு,
ஓனர் வர்றாரு, சிரிக்காத,
எல்லாம் உதட்டில் படித்ததுதான்.
பேச்சியம்மாள் ஆறாம் தறி, நான் பதினொன்று.
அவள் முணுமுணுத்தாலும் எனக்குக் கேட்கும்,
முகம் இந்தப் பக்கம் இருந்தால்.

துண்டில் விழுந்த ஓட்டைக்கு
என் பெயரை ஓனரிடம் சொன்னது அவள்.
இருநூற்றைம்பது ரூபாய் பிடித்தார்கள்.
மறுநாள் காலை தறிக்கு அந்தப் பக்கமிருந்து
என்னைப் பார்த்து வாய் திறந்தாள்.
உதடு கூடியது. பிரிந்தது. பல் தெரிந்தது.
பன்னி.
அதற்குள் பாவில் இழை அறுந்து குனிந்துவிட்டேன்.
நிமிர்ந்தபோது அவள் முதுகுதான் இருந்தது.

நாலு மாதம் அவள் பக்கம் திரும்பவில்லை.
ஆடி கழிந்து
சட்டி பானையோடு திருப்பூருக்கு டெம்போ ஏறினாள்.
எல்லோரும் வாசலுக்குப் போனார்கள்.
நான் அறாத இழையை முடிந்துகொண்டிருந்தேன்.

*

ஷேர் ஆட்டோவில் வரும்போது
கண்ணாடியில் என் வாயைப் பார்த்துச்
சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன்.
பன்னி.
மன்னிச்சிரு.
பன்னி.
மன்னி.

உதட்டுக்குப் பானாவும் மானாவும் இரட்டைப் பிள்ளைகள்.
ஒன்று மூக்கு வழியாகவும் போய்வரும், அவ்வளவுதான்.
மூக்குக்குள் நடப்பது எதிரே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்?
அன்று அவள் மூக்கில் நான் கண்டதெல்லாம்
ஒற்றைக்கல் மூக்குத்தி.
பாதியைக் கண் சொன்னது.
மீதியை
இருநூற்றைம்பது ரூபாய் சொன்னது.

கோரிப்பாளையம் சிக்னலில்
டிரைவர் கண்ணாடி வழியே முறைத்தான்:
"யோவ் பெருசு, என்னையா சொன்ன?"

*

ராத்திரி வீடியோ காலில் பேச்சி வந்தாள்.
மகள் போனைப் பிடித்திருந்தாள், கை ஆடியது.
தலை பாதி நரைத்திருந்தது.
அந்த மூக்குத்தி இல்லை.
"அன்னைக்கு என்ன சொன்ன?" என்றேன்.
என்னைக்கு என்று அவள் கேட்கவில்லை.
சிரித்தாள், சொன்னாள்.

குரல் முதலில் வந்தது, உதடு பின்னால் வந்தது.
சொல் முடிந்தபிறகு வாய் அதைத் தேடிக்கொண்டிருந்தது.
கண் திறந்தால் வேறு சொல்லின் வாய்.
கண் மூடினால்
தறி தின்று மிச்சம் வைத்த காது.
இரண்டில் எதை நம்ப?
மூடினேன்.
"...ன்னி..." என்று ஏதோ போனது.
"திரும்பச் சொல்லு" என்றேன், மூடியபடியே.

"என்னண்ணே," என்றாள் பேச்சி,
"தூங்கிட்டீகளா?"